பில்லில் தானாக ஏறிய டாய்லெட் பிரஷ்

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்கும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சார், உங்க சர்வீஸ்லயே நீங்க பார்த்த மோசமான வைரஸ் எது?" அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும். வாயில் நுழையாத பெயராக இருந்தால் இன்னும் திருப்தி. நான் உள்ளதைச் சொல்வேன். என்னை அதிகமாக அலையவிட்டது வைரஸ் அல்ல, ஒரு டாய்லெட் பிரஷ். உடனே சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, ரிட்டயர் ஆனால் எல்லோரும் இப்படித்தான் ஆகிவிடுவார்களோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதனால் முழுவதையும் எழுதியே வைத்துவிடுகிறேன். படித்துவிட்டுப் பிறகு பரிதாபப்படுங்கள்.

ஆவடியில், ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்குப் போகிற வழியில் ஒரு டிபார்ட்மெண்டல் ஸ்டோர். முதலாளி பெயர் எத்திராஜ். நல்ல உயரம், அதைவிட நல்ல குரல். கடையில் இரண்டு பில்லிங் கவுண்டர்கள், இரண்டு கம்ப்யூட்டர்கள், வாசலில் தள்ளுபடி அறிவிக்க ஒரு மைக். அந்த மைக் அவருக்குத் தேவையே இல்லை. ஆனாலும் அதன் மேல் அவருக்கு அலாதிப் பிரியம்.

அந்தக் கடையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எங்கள் கம்பெனியுடையது. ஒரு நாள் காலையில் எத்திராஜ் என்னை அழைத்தார்.

"சார், கம்ப்யூட்டரு பைத்தியம் புடிச்சி ஆடுது. சீக்கிரம் வா சார்."

"இன்னா பண்ணுது?"

"டாய்லெட் பிரஷ்ஷு விக்குது."

"விக்கிறது நல்லதுதானே?"

"யாரும் வாங்கல சார்! அதுவா விக்குது!"

போய்ச் சேர்ந்தபோது முதல் கவுண்டரில் ஒரு சண்டை முடியும் தறுவாயில் இருந்தது. சண்டை போட்டவர் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ஓர் அம்மா. ஈரோட்டுப் பக்கம். கணவர் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். கோபத்திலும் மரியாதை குறையாத ஊர்க்காரர் என்பதால் சண்டையே ஏதோ விருந்துக்கு அழைப்பது போலத்தான் காதில் விழுந்தது.

"ஏனுங்க, நானு பிரஷ்ஷே எடுக்கலீங்களே. போன வாரமும் இதே பிரஷ்ஷுங்க. எங்க ஊட்ல இருக்கறது ஒரே ஒரு பாத்ரூமுங்க."

கவுண்டரில் இருந்தவர் சுகந்தி. அண்ணனூரிலிருந்து வருகிறவர். அந்தக் கடைக்குப் புதிதே தவிர, வேலைக்குப் புதிதில்லை. அம்பத்தூரில் ஒரு பெரிய கடையில் பில் போட்ட கை. பொருளை ஸ்கேனர் முன்னால் காட்டுவார், பீப் என்று சத்தம் வரும், அதற்குள் அடுத்த பொருள் கையில் இருக்கும். பார்க்கவே அழகாக இருக்கும். அன்றைக்கு அந்தக் கைகள் கவுண்டர் மேல் சும்மா கிடந்தன.

"நான் பிரஷ்ஷ தொடவே இல்ல சார்," என்றார் என்னிடம். "பருப்பு போட்றேன், எண்ணெ போட்றேன், நடுவுல அதுவா வந்து குந்திக்குது."

பில்லைப் பார்த்தேன். துவரம் பருப்பு, நல்லெண்ணெய், டாய்லெட் பிரஷ், ரவை, டாய்லெட் பிரஷ், டாய்லெட் பிரஷ், அப்பளம்.

நான் நல்ல கேள்வியோடுதான் ஆரம்பித்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. "எப்பத்துலேர்ந்து இப்படி ஆவுது? அப்ப புதுசா என்னா மாத்தினீங்க?"

எத்திராஜ் யோசிக்கவே இல்லை. "ஒண்ணும் மாத்தல சார். இந்தப் பொண்ணு வந்ததுலேர்ந்துதான்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கேள்வி சரி. பதிலும் பொய் இல்லை. ஆனால் 'புதிதாக என்ன' என்று கேட்டால் மனிதர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது புதிதாக வந்த மனிதர்தான். புதிதாக வந்த வயரோ பெட்டியோ காகிதமோ ஞாபகம் வராது. அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு நான் இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பையைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டேன். கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் வாடிக்கையாளருக்கு நிம்மதி. நமக்கும்தான்.

கீபோர்டில் ஏதோ ஒரு பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கும் என்பது என் முடிவு. கவிழ்த்துத் தட்டினேன். அரை அப்பளம் விழுந்தது. "இதுதான்!" என்று சொன்னேன். அந்த அப்பளத்தை எத்திராஜிடம் காட்டியபோது என் முகத்தில் இருந்த வெற்றிக்களையை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. புதுக் கீபோர்டு மாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்து வந்த நாட்களில் பிரஷ் வரவில்லை. எத்திராஜ் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்தே போன் பண்ணி, "கைராசிக்காரன் சார் நீ," என்றார். நானும் ஒத்துக்கொண்டேன்.

அவர் ஊரிலிருந்து திரும்பிய அன்றே பிரஷ்ஷும் திரும்பிவிட்டது.

இந்த முறை நான் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். காரணம் தெரியாதபோது நம் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம் இது. வீட்டில் ஒரு எலி ஓடினால் வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டுவது மாதிரி. வேலை முடிந்து டீ குடிக்கக்கூட இல்லை. பீப். டாய்லெட் பிரஷ். புது வீட்டிலும் எலி.

மண்ணூர்பேட்டைப் பக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். பட்டறை ஓடும்போது மேசை மேலிருக்கும் டீ தானாக அலையடிக்கும். அங்கே எங்களுக்கெல்லாம் மேலதிகாரியாக ஒரு மேடம் இருந்தார். பெயர் சொல்வது அவருக்குப் பிடிக்காது. அதிகம் பேசுவதும் பிடிக்காது. அவரிடம் போய் நான் விவரம் சொன்னேன். அவர் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "ஒண்ணை மட்டும் மாத்திப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்."

சரி, முறைப்படியே போவோம் என்று கிளம்பினேன். முதலில் ஸ்கேனரை மாற்றினேன். இரண்டாம் கவுண்டரில் இருந்ததை முதலாவதில் வைத்தேன். பிரஷ் முதல் கவுண்டரிலேயே வந்தது. ஆக ஸ்கேனர் குற்றவாளி இல்லை. பிறகு கம்ப்யூட்டரை மாற்றினேன். அப்போதும் முதல் கவுண்டரில்தான். மிச்சம் இருந்தது ஒன்றுதான். சுகந்தியை இரண்டாம் கவுண்டரில் உட்காரச் சொன்னேன். அங்கே இருந்த பெண் முதல் கவுண்டருக்கு வந்தார்.

முதல் கவுண்டரில் பிரஷ்ஷே இல்லை. இரண்டாம் கவுண்டரில் பீப். டாய்லெட் பிரஷ்.

எத்திராஜ் காதில் போனோடு சுகந்தியின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. கணக்குக்கு விடை வந்துவிட்ட திருப்தி. "அப்ப மெஷினு நல்லாத்தான் கீது. இல்ல சார்?"

"மெஷின்ல ஒண்ணும் இல்லை," என்றேன்.

"கேட்டியாம்மா?" என்று சுகந்தியிடம் திரும்பினார். "இன்ஜினியரே சொல்லிட்டாரு. இந்தச் சனிக்கிழமையோட நின்னுக்க."

பிள்ளைகளே, "மெஷின்ல ஒண்ணும் இல்லை" என்பது நாம் ஒரு நாளில் பத்து இடத்தில் சொல்கிற வாக்கியம். சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவோம். ஆனால் அந்த வாக்கியம் நம்மோடு வெளியே வருவதில்லை. அங்கேயே நின்று, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் பக்கம் விரலை நீட்டுகிறது. அன்று அதை நேரில் பார்த்தேன்.

சுகந்தி அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. வாசல் வரை என் பின்னாலேயே வந்தார்.

"சார், நான் இன்னா அந்த பிரஷ்ஷ வெச்சி சாமியா கும்புட்றேன்? எனுக்கு இன்னா லாபம் அதுல? பெரிய கடையில போட்டியே வெச்சாங்க சார், யாரு சீக்கிரம் பில் போட்றதுன்னு. அதுல ஜெயிச்ச கை இது. இப்ப எங்க ஊட்ல கேட்டா இன்னானு சொல்றது? பிரஷ்ஷால வேல போச்சுனா சொல்றது?"

"கை தவறிப் போகுதோ என்னவோ… அவர் பக்கத்துல நின்னா உங்களுக்குப் பதட்டமா இருக்கா?" என்று கேட்டுவைத்தேன்.

"அவுரு நின்னா யாருக்குத்தான் பதட்டம் வராது? குளுருப் பொட்டிக்கே வேர்க்குது. ஆனா பதட்டத்துல கை நடுங்கும் சார். கரெக்ட்டா ஒவ்வொரு தபாவும் டாய்லெட் பிரஷ்ஷோட நம்பர அடிக்குமா?"

வண்டியில் போகும்போது இதுவே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சொன்னது சரி. பிரஷ்ஷின் எண் நீளமானது. யாரோ அதை முழுதாக, ஓர் இலக்கம்கூடப் பிசகாமல், திரும்பத் திரும்பக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறார்கள். பதட்டக்காரர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

மேடத்திடம் மறுபடி போய் நின்றேன். சொன்னபடியே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததாகவும், பழுது அந்தப் பெண்ணோடு சேர்ந்தே போகிறது என்றும் சொன்னேன். அவர் டீயின் அலையைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்தப் பொண்ணை மாத்தினப்போ வேற எதுவும் மாறலையா?"

"இல்ல மேடம்."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"அப்ப போய்ச் சும்மா நில்லுங்க. பையைத் திறக்காதீங்க. கம்ப்யூட்டரைத் தொடாதீங்க. அதைத் தவிர மத்தது எல்லாத்தையும் பாருங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகு ஒரு மனிதனைக் காவலுக்கு நிற்கவைப்பதா?

சனிக்கிழமை போனேன். சம்பளம் வந்த பிறகு வருகிற முதல் சனிக்கிழமை அது. குவார்ட்டர்ஸ் முழுவதும் கடைக்குள் இருந்தது. ஒரு பக்கம் திருநெல்வேலித் தமிழ், ஒரு பக்கம் மதுரை, இன்னொரு பக்கம் ஈரோட்டம்மா வண்டி நிறையச் சாமானோடு. முதல் கவுண்டரில் சுகந்தி. அவருக்கு அது கடைசி நாள் என்று கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பையன்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் அட்டைப் பெட்டிகளைப் பார்த்தபடி நடந்தார்கள்.

நான் கவுண்டருக்கு எதிரே பிஸ்கட் அலமாரி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு பேர் என்னைக் கடைக்காரன் என்று நினைத்து உளுந்து எங்கே என்று கேட்டார்கள். ஒருவருக்குக் காட்டிக்கொடுத்தேன்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. சுகந்தியின் கை பறந்துகொண்டிருந்தது. பீப், பீப், பீப். வரிசை நகர்ந்தது. அப்போது எத்திராஜ் உள்ளேயிருந்து வந்தார். காதில் போன். யாரோ மொத்த வியாபாரியோடு சண்டை. அவருக்குப் பேசும்போது சாய்ந்துகொள்ள ஏதாவது வேண்டும். கவுண்டர் மேல் முழங்கையை ஊன்றி, சுகந்தியின் திரையை எட்டிப் பார்த்தபடியே பேசினார்.

ஈரோட்டம்மாவின் முறை. ஒரு சர்க்கரைப் பொட்டலத்தில் ஓட்டை. சுகந்தி அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, "அக்கா, வேற ஒண்ணு எட்த்துனு வரச் சொல்றேன்," என்றார்.

பீப்.

நான் நிமிர்ந்தேன். அவருடைய கைகள் இரண்டும் சர்க்கரையில் இருந்தன. ஸ்கேனர் முன்னால் எந்தப் பொருளும் இல்லை. கீபோர்டு பக்கத்தில் ஒரு விரல்கூட இல்லை. ஆனால் பீப் வந்தது. திரையில் டாய்லெட் பிரஷ் வந்தது.

அதுவரை நானும் மற்றவர்களும் திரையைத்தான் பார்த்திருந்தோம். சத்தத்தை யாரும் கேட்கவில்லை. நாள் முழுவதும் பீப் அடிக்கிற கடையில் கூடுதலாக ஒரு பீப்பை யார் கவனிப்பார்கள்? பீப் அடிப்பது ஸ்கேனர். பார்கோடு என்கிற கோட்டுக்கட்டத்தைப் பார்த்தால்தான் அது பீப் அடிக்கும். அப்படியானால் அது பொய் சொல்லவில்லை. அதன் கண்ணுக்கு ஒரு டாய்லெட் பிரஷ் தெரிகிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

ஸ்டாண்டில் நின்றபடியே எதிரே வருவதையெல்லாம் படிக்கும் வகை ஸ்கேனர் அது. அது எதைப் பார்க்கிறது என்று தெரிய வேண்டுமானால் அது இருக்கும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். வேறு வழி இல்லை. வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு போய், முட்டி போட்டு, கவுண்டர் மேல் மோவாயை வைத்து, ஸ்கேனரோடு கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, அவருக்கு மயக்கமுங்களா?" என்றார் ஈரோட்டம்மா. "யாராச்சும் சோடா குடுங்க."

"சார்! இன்னா சார் பண்றீங்க?" என்றார் சுகந்தி.

"ஸ்கேனரா இருக்கேன். நீங்க பில் போடுங்க."

கன்னத்தில் சிவப்பு வெளிச்சம் அடித்தது. எனக்கு எதிரே என்ன இருந்தது? கவுண்டரின் விளிம்பு. ஒரு முழங்கை. அதற்கு மேலே அந்த முழங்கையின் சொந்தக்காரர். அவருடைய வலது காது. காதோடு ஒட்டிய கறுப்புப் போன். அந்தப் போனின் முதுகில், ஸ்கேனரின் சிவப்புக் கோடு குறுக்கே ஓட, ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர். ஸ்டிக்கர் முழுக்கக் கோடுகள்.

பீப்.

இப்போது சொல்கிறேன், நம் தொழிலில் கஷ்டமான நிமிடம் பழுதைக் கண்டுபிடிக்கிற நிமிடம் இல்லை. கண்டுபிடித்த பிறகு வருகிற நிமிடம்தான். கடை நிறையக் கூட்டம். முதலாளி சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அவரால் ஒரு பெண்ணுக்கு வேலை போகப்போகிறது. "நீதான்யா பழுது!" என்று கத்த எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் நான் ஏற்கனவே ஒருமுறை அரை அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இதுதான்!" என்று கத்தியவன். இன்னொரு முறை சரிபார்க்காமல் கத்தக் கூடாது. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

எழுந்து நின்று எத்திராஜுக்குச் சைகை காட்டினேன். என் வலது காதைத் தொட்டேன், பிறகு இடது காதைத் தொட்டேன்.

அவர் போனில் பேசிக்கொண்டே என்னைப் பார்த்து முறைத்தார். காதில் ஏதோ பூச்சி என்று நினைத்துக்கொண்டு தட்டிவிட்டார். நான் தலையை ஆட்டி மறுபடி காட்டினேன். அவர் இரண்டு காதையும் தட்டிவிட்டார். வரிசையில் இருந்த ஒருவர் தன் காதையும் தட்டிப் பார்த்துக்கொண்டார். கடைசியில் நான் கும்பிட்டேன்.

"ஒரு நிமிசம் இரு நைனா, இங்க இன்ஜினியரு இன்னாவோ டான்ஸ் ஆடிக்கினு கீறாரு," என்று போனில் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "இன்னா சார்?"

"போனை அந்தக் காதுல வெச்சுப் பேசுங்க."

"ஏன்?"

"சும்மா வெச்சுப் பேசுங்க, சொல்றேன்."

மாற்றினார். போனின் முதுகு வாசல் பக்கம் திரும்பியது. சுகந்தி ஈரோட்டம்மாவின் சாமான் முழுவதையும் போட்டார். சோப்பு, சீயக்காய், கடலை மாவு, ஊதுவத்தி. பிரஷ் இல்லை. அவருக்குப் பின்னால் நின்றவருடையதையும் போட்டார். பிரஷ் இல்லை.

"இப்ப மறுபடி பழைய காதுக்கு," என்றேன்.

அவர் மாற்றிய அதே கணத்தில், பீப்.

சுகந்தி திரையைப் பார்த்தார். எத்திராஜைப் பார்த்தார். போனைப் பார்த்தார். அவர் கண் அகலமாகிக்கொண்டே போனதை நான் பார்த்தேன்.

"மொதலாளி, திருப்பி அந்தக் காது," என்றார். குரல் முதலாளியின் குரலாகவே இருந்தது.

மாற்றினார். ஒன்றுமில்லை.

"இந்தக் காது."

பீப்.

"அந்தக் காது."

ஒன்றுமில்லை. இதற்குள் வரிசை முழுவதற்கும் விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த முறை பீப் வந்தபோது பின்னால் நின்ற ஃபேக்டரிக்காரர்கள் சேர்ந்து, "டாய்லெட் பிரஷ்!" என்றார்கள். எத்திராஜுக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. மந்திரவாதியிடம் மாட்டியவர் போல இரண்டு காதுக்கும் நடுவே போனைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். போனுக்குள் மொத்த வியாபாரி, "அலோ, அலோ," என்று கத்திக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் போனைத் திருப்பிப் பாருங்க," என்றேன்.

திருப்பினார். பார்த்தார். கட்டைவிரலால் ஸ்டிக்கரைச் சுரண்டினார். அது வரவில்லை.

அவர் மெதுவாகச் சொன்னதிலிருந்து நடந்தது தெரிந்தது. டாய்லெட் பிரஷ் கட்டுக்கட்டாக வருகிற சரக்கு. அதில் கோட்டுக்கட்டம் இருக்காது. கடையிலேயே ஸ்டிக்கர் அச்சடித்து ஒட்டுவார்கள். பழைய ஸ்டிக்கர் சுருள் சரியாக ஒட்டுவதில்லை என்று ஒருவரிடம் புதுச் சுருள் வாங்கியிருக்கிறார். பசை எப்படி என்று சோதிக்க, முதலில் அச்சாகி வந்ததைக் கையில் இருந்த போனின் முதுகில் ஒட்டிப் பார்த்திருக்கிறார். நன்றாக ஒட்டியிருக்கிறது. அத்தோடு மறந்துவிட்டார். சுகந்தி வேலைக்குச் சேர்ந்த அதே வாரம்.

"ஸ்டிக்கர நானும் பாத்தேன் சார்," என்றார் சுகந்தி. "போன் ரிப்பேர் கடைக்காரன் ஒட்னதுன்னு நெனச்சேன்."

நானும் பார்த்திருந்தேன். மூன்று முறை அவருக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். அதையும் போனின் ஒரு பாகமாகவே என் கண் எடுத்துக்கொண்டுவிட்டது.

எல்லாம் வரிசையாக விளங்கியது. அவர் திண்டிவனம் போனபோது பிரஷ் ஏன் வரவில்லை. அவர் திரும்பியதும் ஏன் திரும்பியது. சுகந்தியை இரண்டாம் கவுண்டருக்கு மாற்றியபோது சந்தேகப்பட்டுக் கூடவே போய் நின்றவர் அவர்தான். நான் ஒன்றை மாற்றியதாக நினைத்தேன், இரண்டு மாறியிருந்தன. பிரஷ் அதிகமாக ஏற ஏற, அவர் சுகந்தியை அதிகமாகக் கண்காணித்தார். அதிகமாகக் கண்காணிக்க, இன்னும் அதிகமாக ஏறியது. அந்த மாத விற்பனைக் கணக்கில் பொன்னி அரிசிக்கு அடுத்த இடத்தில் டாய்லெட் பிரஷ் இருந்ததற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

எத்திராஜ் போனைப் பார்த்தபடியே நின்றார். கூட்டம் அவரைப் பார்த்தபடி நின்றது. ஏதாவது சொல்லியாக வேண்டும். தொண்டையைச் செருமினார்.

"ஆனா பசை சூப்பரு பசைப்பா," என்றார்.

சுகந்தி நாற்காலியில் நேராக உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். வரிசையும் காத்திருந்தது. ஈரோட்டம்மா பில் முடிந்தும் போகவில்லை.

எத்திராஜ் திரும்பி வாசலுக்கு நடந்தார். வெளியே போய்விடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மைக்கை எடுத்தார். ஊதிப் பார்த்தார். கடைக்குள்ளும் ரோட்டிலும், பஸ் ஸ்டாப் வரைக்கும், அவர் குரல் கேட்டது.

"நம்ம கஸ்டமருங்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. இத்தினி நாளா உங்க பில்லுல வந்த டாய்லெட் பிரஷ்ஷு அல்லாம் என்னுது. நம்ம சுகந்தி மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க இங்கியேதான் வேலையில கீறாங்க. பிரஷ்ஷு ஏறுன பில்லு வெச்சிகினு கீறவங்க எட்த்துனு வாங்க, திருப்பித் தந்துட்றேன். நன்றி. வணக்கம்." கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி மைக்கில், "ரவையில ஆபர் கீது," என்றும் சேர்த்துக்கொண்டார்.

கடைக்குள் கைத்தட்டல் எழுந்தது. அது ரவைக்கா சுகந்திக்கா என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்ற சிலர் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்கள். சுகந்தி கைக்கட்டைப் பிரித்தார். முகத்தைத் துப்பட்டாவால் ஒருமுறை துடைத்துக்கொண்டார். "அடுத்து யாரு? வாங்க," என்றார். கை மறுபடி பறக்க ஆரம்பித்தது.

நான் கிளம்பும்போது எத்திராஜ் என் தோளில் கைபோட்டு, "இன்னா சார், மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். சில வாடிக்கையாளர்களுக்கு நாம் எப்போதுமே தாமதம்தான். அதற்கு மருந்து கிடையாது. சிரித்துக்கொண்டு கையெழுத்து வாங்குங்கள்.

வெளியே வந்து வண்டிப் பக்கத்தில் நின்று மேடத்தைக் கூப்பிட்டேன். பின்னணியில் லேத் ஓடிக்கொண்டிருந்தது.

"பழுது கிடைச்சுதா?"

"கிடைச்சுது மேடம்."

"எங்க இருந்துச்சு?"

நான் எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் தடுமாறினேன். அப்புறம் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"ஓனரோட காதுல மேடம்."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அல்லது வெயிலில் அலையாதே, வீட்டுக்குப் போ என்றிருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. பேனாவின் மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"எந்தக் காது?" என்றார்.